சூடு ஆறும் வரை

லெவல் கிராஸிங்கைத் தாண்டி மேடு ஏறும்போது வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் அணைந்தது. சிஹாரு சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. முன்னால் போன சவ வண்டி வளைவில் மறைந்தது. கிளம்பும்போது ஒருமுறை நீளமாக ஹார்ன் அடித்ததோடு சரி, அது யாருக்காகவும் நிற்காது.

பக்கத்து இருக்கையில் அம்மா யாசுவே, அப்பாவின் படத்தை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். இரண்டே இருக்கை கொண்ட பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அப்பா தோகுஜி லீவு நாள் வந்தால் போதும், இதை எடுத்துக்கொண்டு கணவாய்க்குப் போய்விடுவார். போன வாரமும் போனார். அதே கணவாயில், நின்றுபோன இதே வண்டிக்குள் மாரடைப்பில் செத்துக் கிடந்தார். சாவி போட்டபடி இருந்ததாம். முகம் தூங்குகிற மாதிரி இருந்தது என்றும் போலீஸ்காரர் சொன்னார். அம்மா அந்த ஒன்றை மட்டும்தான் காதில் வாங்கிக்கொண்டாள்.

போலீஸ் இழுத்து வந்து வாசலில் விட்ட மறுநாள், ஒன்றுமே நடக்காததுபோல் முதல் திருப்பிலேயே கிளம்பியது இந்தப் பொல்லாத வண்டி. 'என் சாவு ஊர்வலத்துல என் வண்டியும் வரணும்' என்று மனிதர் சொல்லிவைத்திருந்ததால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பின்னால் வந்த சித்தப்பா கென்சோ தன் காரை ஓரங்கட்டி இறங்கி வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"அண்ணனத் தின்னது போதாதுன்னு இங்கயும் மக்கர் பண்ணுதா? இறங்கி என் வண்டில ஏறுங்க அண்ணி. நமக்குக் குடுத்த நேரம் தவறினா அடுத்த பொணத்த உள்ள விட்டுடுவான்."

"நான் இதுலதான் வருவேன்."

"சக்களத்தி மேல இவ்வளவு பாசமா?"

"சக்களத்திதான். ஆனா கடைசி நேரத்துல அவர்கூட இருந்தது இவதானே, நான் இல்லையே" என்றாள் அம்மா.

சித்தப்பா கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிஹாரு சாவியைப் பாதி திருப்பிக் காதைத் தீட்டினாள். இருக்கைக்குப் பின்னால் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி முனக வேண்டும். முனகவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. கறுப்புக் கிமோனோ அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கைவிட்டாள். பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, செம்புச் சுருள் அடைத்த தீப்பெட்டி அளவு டப்பாதான், தொட முடியாமல் கொதித்தது. உள்ளே பற்றவைப்பு விட்டுப்போயிருக்கும். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அப்பாவோடு சேர்ந்து எத்தனையோ முறை சாலையோரம் நின்றிருக்கிறாள்.

"மாத்து ரிலே எங்கம்மா?"

"வேலைச்சட்டைப் பையிலதான் வச்சிருப்பாரு, எப்பவும்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. இறந்த அன்றைக்கு அவர் போட்டிருந்த நீல வேலைச்சட்டையைத் துவைத்தால் அவர் வாசனை போய்விடும் என்று, அப்படியே மடித்து, காலையில் பெட்டிக்குள் அவர் பாதத்தின்மேல் வைத்தது அம்மாதான். "உலோகம் ஏதாவது இருக்கா?" என்று சடங்குக்காரர் கேட்டபோது, "வெறும் துணிதாங்க" என்றாள். பையில் கைவிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"பையில இருந்திருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பாரே" என்றார் சித்தப்பா. "கொட்டுற மழைல, குனிஞ்சு, ரெண்டே நிமிஷத்துல மாத்தினத நானே பாத்திருக்கேன்."

அம்மா நிமிர்ந்தாள். "அப்ப அன்னிக்கு எடுத்துட்டுப் போகல. அதான், ஆறட்டும்னு சாஞ்சு உக்காந்திருக்காரு. அப்படியே கண் அசந்துட்டாரு. வலியே தெரிஞ்சிருக்காது, இல்ல தம்பி?"

"தெரிஞ்சிருக்காது அண்ணி."

குளிர்ந்த பார்லி டீ பாட்டிலைக் கைத்துண்டில் சுற்றி ரிலேயோடு அணைத்துப் பிடித்தபடி சிஹாரு குனிந்தே கிடந்தாள். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. துண்டு நனைந்து கை மரத்தபின் சாவியைத் திருப்பினாள். பம்ப் முனகியது. அம்மா படத்தைப் பார்த்துத் தலையசைத்தாள், இதோ வந்துவிடுகிறோம் என்பதுபோல்.

எரியூட்டும் கூடத்தில் உலைக் கதவை மூடக் கை வைத்தவன், இவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அம்மா ஒருமுறை பார்த்தாள். கதவு மூடியது.

எரிந்து முடிந்து தட்டு வெளியே வந்தபோது அறை முழுக்க அனல். எலும்பைத் தனியாக யாரும் எடுத்துக் கலயத்தில் போடக் கூடாது. இரண்டு பேர், இரண்டு ஜோடிக் குச்சி, ஒரே எலும்பைச் சேர்ந்து பிடித்து, பாதத்திலிருந்து தொடங்கித் தலைவரை. சிஹாருவும் சித்தப்பாவும் எதிரெதிரே நின்றார்கள். அம்மா தலைமாட்டில் கலயத்தைப் பிடித்திருந்தாள்.

பாதத்து எலும்புக்குப் பக்கத்தில் சாம்பலுக்குள் என்னவோ கறுப்பாகத் தெரிந்தது. சிஹாரு குச்சியால் கிளறினாள். சுருள் சுருளாகச் சுற்றிய செம்புக் கம்பி, விரல்நுனி அளவு.

மாற்று ரிலேயின் சுருள். பையில்தான் இருந்திருக்கிறது. கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, நெஞ்சு வலியில் குனிய முடியாமல், எவ்வளவு நேரம் கிடந்தாரோ. பம்ப் முனகுமா முனகுமா என்று எத்தனை முறை சாவியைத் திருப்பினாரோ.

அவள் குச்சியால் கம்பியின் ஒரு முனையைப் பிடித்தாள். எதிர்ப்பக்கமிருந்து சித்தப்பாவின் குச்சி நீண்டு கம்பியின் மறுமுனையைப் பிடித்தது. அவரும் பார்த்துவிட்டார். எலும்பைத் தூக்குவதுபோலவே இருவரும் சேர்ந்து தூக்கி, தட்டின் ஓரமாக, அவர் விரித்த கைக்குட்டைக்குள் இறக்கினார்கள்.

"என்னது அது?" என்றாள் அம்மா.

"பெட்டி ஆணி, அண்ணி" என்றார் சித்தப்பா.

வெளியே வந்ததும் கைக்குட்டையைச் சிஹாருவின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கார் வெயிலிலேயே நின்றிருந்தது. அம்மா ஏறிக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியையும் தாண்டிச் சூடு தெரிந்தது. சிஹாரு சாவியைப் பாதி திருப்பினாள்.

சத்தம் இல்லை.

"விடுடி, ஆறட்டும்" என்றாள் அம்மா, கலயத்தைத் தடவிக்கொண்டே. "அவரு மாதிரி நாமளும் கொஞ்சம் சாஞ்சுக்குவோம்."

இருக்கையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சிஹாருவும் சாய்ந்தாள். கிமோனோ மடிப்புக்குள் அந்தக் கம்பி இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.