புஷ்பவல்லிக்கு வந்த அருள்

உறுமிமேளத்தின் முதல் அடி விழுந்ததுமே புஷ்பவல்லி விழுந்தாள். கிள்ளான் அம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கூட்டத்தின் நடுவே பால்குடத்தோடு நின்றிருந்தவள், சத்தம் போடவில்லை, ஆடவில்லை, அப்படியே சரிந்தாள். பால் சிமெண்டுத் தரையெல்லாம் ஓடியது. யாரோ மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ வேப்பிலையால் விசிறினார்கள். "வந்திருக்கறது யாரு? சொல்லு தாயி!" என்று பூசாரி கேட்டார். தாயி வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண் விழித்தவள், "ஏம்மா எல்லாரும் என்னையே பாக்கறாங்க?" என்று அம்மா இராஜம்மாவைக் கேட்டாள்.

அவளுக்கு அருள் வந்தது அது முதல் முறையில்லை. போன திருவிழாவிலும் இப்படித்தான் விழுந்தாள். அருள் வருவதிலும் நம் சனங்களிடம் ஒரு போட்டி உண்டு. ஆடுகிறவளைப் பார்த்து, "இவ புருசனுக்குப் பயங்காட்ட ஆடுறா" என்று உதட்டைச் சுழிப்பவர்கள் உண்டு. புஷ்பவல்லியைப் பார்த்து யாரும் சுழிக்கவில்லை. நடிக்கிறவள் மண்டையில் அடிபட விழமாட்டாளே! பந்திங்கிலிருந்து வந்திருந்த தங்கமணி அன்றே முடிவு செய்துவிட்டாள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் தன் மகனுக்கு இந்தப் பெண்தான். "அம்மன் எறங்குற பொண்ணு என் வீட்டுல வெளக்கேத்தணும், இராஜம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இராஜம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மகளின் உதட்டில் படர்ந்திருந்த அந்தச் சாம்பல் நிறம் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த நிறத்தை அவள் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறாள். பூச்சோங்கில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டையிலிருந்து மூத்தவன் விஜயனைத் தூக்கி வந்து கரையில் கிடத்தியபோது.

விஜயன் காய்ச்சலில் போனான் என்றுதான் தங்கமணியிடம் சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் சாவு விழுந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? "காய்ச்சல்னே சொல்லு. யாரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார் இராஜம்மாவின் கணவர், லோரி ஓட்டும் பழனியப்பன். இராஜம்மாவும் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் எந்தக் காய்ச்சல் என்பதுவரை மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

திருவிழா முடிந்து சில வாரத்தில், சுபாங் ஜெயா பக்கம் மகள் வேலை செய்யும் ரேடியோ பேக்டரியில் தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தார்கள். மணி அலறியதும் புஷ்பவல்லி மிஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும் என்று மலாய்க்கார சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அன்று இராஜம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. உறுமிக்கு அம்மன் இறங்கலாம். பேக்டரி மணிக்குமா இறங்குவாள்?

பிரிக்பீல்ட்ஸில் கூறைப்புடவை எடுக்கத் தங்கமணி வருவதாக ஏற்கெனவே பேச்சு. புடவைக்கடைக்கு நாலு கடை தள்ளித்தான் டாக்டர் மார்க்கிரட்டின் கிளினிக். "சும்மா ஒரு செக்கப்பு, அக்கா" என்று இராஜம்மா இழுத்தாள். "நானும் வரேன் லா, என் மருமகதானே?" என்று தங்கமணி புடவைப் பையோடு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் புஷ்பவல்லியைப் படுக்கவைத்து, நெஞ்சிலும் கைகாலிலும் ஒயரை மாட்டி இருதயத்தைப் படம் எடுத்தாள். காகிதத்தைப் பார்த்தாள். பேனா முனையால் கோடுகளை அளந்தாள். திரும்பவும் அளந்தாள். இராஜம்மாவின் கண் அந்தப் பேனாவை விட்டு நகரவில்லை.

"விழுறதுக்கு முன்னாடி தலை சுத்துமா?"

"ஒன்னும் தெரியாது டாக்டர். சத்தம் கேக்கும். அப்புறம் கீழ கெடப்பேன்."

"குடும்பத்துல சின்ன வயசுலயே யாராச்சும் திடீர்னு எறந்திருக்காங்களா?"

"நல்ல குடும்பம் டாக்டர்" என்று தங்கமணி முந்திக்கொண்டாள். "அப்படியெல்லாம் யாரும் இல்ல. அண்ணன்காரன் ஒருத்தன் காய்ச்சல்ல போயிட்டான், அவ்வளவுதான்."

டாக்டர் தலையாட்டிவிட்டுக் காகிதத்தின் பக்கம் திரும்பினாள். புஷ்பவல்லி படுத்தபடியே அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தாள். பாவம், அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடக்கும். கல்யாணத்தில் மேளம் இருக்கும். கெட்டிமேளம்! இராஜம்மா டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"காய்ச்சல் இல்ல டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "காய்ச்சல் இல்ல. ஈயக்குட்டையில போனான்."

"நீச்சல் தெரியாதா?"

"ஸ்கூல்ல கப்பு வாங்கின பிள்ள டாக்டர். பசங்க பாத்துக்கிட்டு இருக்கறப்பவே பாதி தூரம் போனவன், கை கால்கூட அடிக்காம முழுகிட்டான். மோகினி இழுத்துட்டான்னாங்க. நாங்களும் நம்பிட்டோம்."

தங்கமணியின் மடியில் இருந்த புடவைப் பை சரசரத்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் நாற்காலியை இராஜம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இது சாமியும் இல்ல, மோகினியும் இல்லம்மா. இருதயத்துக்குள்ள ஒரு கரண்ட் ஓடுது. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் அது தயாராகணும். இவளுக்கு அதுக்கு ரொம்ப நேரம் ஆகுது. அந்த நேரத்துல திடுக்குனு சத்தம் கேட்டாலோ, நீந்தினாலோ, ஓடினாலோ இருதயம் துடிக்காம நடுங்கும். தானா நின்னா வெறும் மயக்கம். நிக்கலன்னா..." பேனாவை மூடிவைத்தாள். "மருந்து இருக்கு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுல அலாரம் கடிகாரம்கூட வைக்காதீங்க."

இராஜம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தெளித்து எழுப்பிய பிள்ளை, அத்தனை தடவையும் தானாகத்தான் எழுந்திருக்கிறது.

"இது தாய் வழியிலயோ தகப்பன் வழியிலயோ வர்றது. நீங்களும் படுங்க, பாத்துடலாம்."

"எனக்கு ஒன்னும் இல்ல டாக்டர்" என்று சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். விஜயன் பிறந்த மாதம் தீபாவளி. பக்கத்து வீட்டில் பட்டாசுச் சரம் வெடித்தபோது, கையில் பிள்ளையோடு சுவரோரம் சரிந்தாளே. பிள்ளை பெற்ற உடம்பு, ரத்தம் பத்தவில்லை என்றார்கள். அதற்கப்புறம் அவள் அதை நினைத்ததே இல்லை.

மகள் எழுந்த கட்டிலில் இராஜம்மா படுத்தாள். வளையல்களைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ். மணிக்கட்டில் இறுகியிருந்த அவை கழலவில்லை. தங்கமணி எழுந்து வந்தாள். ஒவ்வொன்றாக உருவித் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமா இரக்கமா என்று இராஜம்மாவுக்குப் பிடிபடவில்லை. நெஞ்சில் தடவிய களிம்பு சில்லென்றிருந்தது.

மிஷின் கீறத் தொடங்கியது. கோடு விழுந்த காகிதம் நீண்டுகொண்டே வந்தது. டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு கோடுகளை அளக்கக் குனிந்தாள். புஷ்பவல்லி அந்தக் காகிதம் தரையில் படாமல் இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றாள்.