செப்டம்பர் நான்கில் இறங்கிய பந்து

அடித்த பந்து கீழே வராமல் போன நாளில், அதாவது 1911 செப்டம்பர் நான்காம் தேதி திங்கட்கிழமை பிற்பகலில், மார்லோ ஊர் பேஸ்பால் மைதானத்தில் இருந்தவர்கள் வருமாறு. மட்டைக்காரன் நிற்கிற, ஓடி முடிக்கிறவன் வந்து தொட வேண்டிய வீட்டு மூலைக்குப் பின்னால் அம்பயர் சைலஸ் ப்ரூம். அந்தக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஒரே அம்பயர்தான். மரக் கொட்டகையின் முதல் வரிசையில், பொத்தான் ஆலை முதலாளிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும், குடை விரித்தபடி. அவர்களுக்குப் பின்னால் லுத்தரன் பாதிரியாரும் கத்தோலிக்கப் பாதிரியாரும், நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு. வெயில் காயும் பலகைகளில், ஆற்றுச் சிப்பியை அறுத்துப் பொத்தான் செய்கிற ஆட்கள், விரல் நகமெல்லாம் வெள்ளைத் தூளோடு. வலது எல்லைக் கோட்டை ஒட்டி, அக்கரையிலிருந்து படகில் வந்திறங்கிய கால்டன்காரர்கள், சொந்த பீர் பீப்பாயோடு. வேலிக்கு வெளியே ஒரு தர்பூசணி வண்டியின்மேல், டிக்கெட் வாங்காத ஹெட்விக் என்ற பெண். நடுக் களத்தில் உட்காருவதற்கு இடம் கிடையாது. அங்கே மார்லோ அணியின் எமில் நோவட்னி நின்றுகொண்டிருந்தான்.

அது மூன்று ஆற்று லீக்கின் கடைசி ஆட்டம். சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள்தான், ஆனால் கோடையில் மட்டும். பனி விழுந்துவிட்டால் மார்லோ அணியினர் சிப்பி அறுக்கவும் கால்டன் அணியினர் செங்கல் சூளைக்கும் போய்விடுவார்கள். ஜெயிக்கிற ஊருக்கு அந்த வருடக் கொடி. புதுப் பந்தை முதலில் தாங்களே அடிக்க வேண்டும் என்பதில் மார்லோ தலைவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு, சொந்த ஊர் அணி அப்படிக் கேட்டு வாங்கலாம் என்று அன்றைய விதியும் இடம் கொடுத்தது. அதனால் கடைசியாக மட்டையைப் பிடித்தவர்கள் கால்டன்காரர்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் மார்லோ ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. கால்டனில் இன்னும் ஒரே ஓர் ஆள் அவுட் ஆனால் ஆட்டம் முடிந்தது, முதல் மூலையில் ஓடுவதற்கு ஒருவன் நின்றான். சூளைக்காரன் க்ளெம் டாகர்ட்டி மட்டையை வீசினான். மரம் பிளந்த மாதிரி சத்தம் கேட்டது. பந்து நேரே மேலே போயிற்று.

எமில் இரண்டு கைகளையும் விரித்து, "என்னுது, என்னுது" என்று கூவினான். பந்துக்கு அடியில் இரண்டு பேர் ஓடி வந்து முட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் அது. ஒருவன் கூவிவிட்டால் மற்றவன் விலகி நிற்க வேண்டும், பிறகு அந்தப் பந்து விழுந்தாலும் கூவியவன் கணக்குதான். இடது களத்தில் இருந்தவன் முறைப்படி விலகினான். முதல் மூலையில் நின்றவனும் க்ளெமும் எல்லா மூலைகளையும் சுற்றி வந்து வீட்டு மூலையைத் தொட்டுவிட்டார்கள். பந்து தரையைத் தொட்டால் கால்டன் ஜெயித்தது, எமில் கையைத் தொட்டால் மார்லோ. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பந்து கடுகளவாகி, அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கால்டன் தலைவர் அம்பயரிடம் போய், பந்து தொலைந்துவிட்டது, ஓட்டங்களைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். சைலஸ் ப்ரூம் தொப்பியைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

"தொலையலைங்க. மேல இருக்கு, நீங்களும் பாக்குறீங்க, நானும் பாக்குறேன். மேல இருக்கிற வரைக்கும் அது உயிரோட இருக்கிற பந்து. உயிரோட இருக்கிற பந்தை நான் நிறுத்த முடியாது."

அவர் சொன்னது விதிப்படி சரி. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அம்பயர் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது, ஆளை மாற்றவும் கூடாது. ஆகையால் இருட்டியபோது பந்து கண்ணுக்கு மறைந்ததே தவிர ஆட்டம் முடியவில்லை. மறுநாள் வானம் வெறுமையாக இருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு ஊர்க்காரர்களும் இதைப் பற்றிப் படகுத்துறையில் அடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் செப்டம்பர் நான்காம் தேதி, அதே பிற்பகலில், அதே இடத்தில் பந்து மீண்டும் தெரிந்தது. கொஞ்சம் பெரிதாக, மிளகளவு இருந்தது. இறங்கிக்கொண்டிருக்கிறது என்று ப்ரூம் அறிவித்தார். எமில் கையுறையை மாட்டிக்கொண்டு அடியில் போய் நின்றான்.

அதன் பிறகு அந்த நாள் ஊரின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது. மற்ற நாட்களில் பந்து கிடையாது. செப்டம்பர் நான்கில் உண்டு, சாயங்காலம் வரை இறங்கும், மறையும். 1913இல் பெரிய லீக் கிளப் ஒன்று எமிலை வாங்க வந்தது. சம்பளம், ரயில் டிக்கெட், இரண்டு கோட்-சூட், எல்லாம் சரி. செப்டம்பர் நான்கு மட்டும் நான் மார்லோவில் இருக்க வேண்டும் என்றான் எமில். பருவத்தின் உச்சத்தில் ஓர் ஆளை எப்படி விடுவது என்று கிளப்பின் ஆள் சிரித்தார். எமில் சிரிக்கவில்லை. அவர் அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். அந்த வருடம்தான் எமிலுக்கும் ஹெட்விக்குக்கும் கல்யாணம் ஆயிற்று. 1918இல் எமில் பட்டாளத்தோடு பிரான்சில் இருந்தான். அந்த வருடம் பந்து வந்தது, ஆனால் இறங்கவில்லை, ஆளுக்காகக் காத்திருப்பதுபோல் போன வருட உயரத்திலேயே நின்று மறைந்தது. இதை இரண்டு பாதிரியார்களும் ஒன்றாகச் சாட்சி சொன்னார்கள். 1924இல் பந்தின் மேல் தகைவிலான் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. கூடும் சேர்ந்து கையில் வந்தால் கேட்ச் செல்லுமா என்று கால்டன் தரப்பு கேட்டது. கூடு ஆட்டத்தில் இல்லை, பந்து மட்டுமே ஆட்டத்தில் இருக்கிறது என்று ப்ரூம் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருடம் கூடு இல்லை.

க்ளெம் டாகர்ட்டி ஒரு வருடமும் தவறாமல் வந்தான். பந்து முடிகிற வரை தானும் ஆட்டத்தில் இருப்பவன் என்பது அவன் கட்சி. வீட்டு மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையைக் குவித்து நடுக் களம் வரை கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பான்.

"டேய் நோவட்னி, போன வருஷத்தைவிடக் குண்டாயிட்டே. உன் தொப்பைக்கு அந்தப் பக்கம் விழுந்தா எப்படிடா தெரியும் உனக்கு?"

"உன் தலைமுடி விழுந்ததே தெரிஞ்சுது, பந்து தெரியாதாடா?" என்பான் எமில், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல்.

பிளாஸ்டிக் பொத்தான் வந்து சிப்பிப் பொத்தான் படுத்துவிட்டது. லீக் கலைந்தது. மைதானத்தை ஒரு தக்காளி டப்பா ஆலை வாங்கியது. நடுக் களத்தில் ஒரு சதுரத்துக்குக் கூரை போடாமல் விட வேண்டும் என்று ஊர் கேட்டது, ஆலையும் பெரிதாக மறுக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஆடுகள் மேலே மிதப்பதால் அங்கே மின்கம்பிகளை உயரமாகக் கட்டியிருந்தார்கள், அது மாதிரி இதுவும் ஒன்று. எமிலுக்கு அப்போது வயது ஐம்பதைத் தொட்டிருந்ததால் இனி அவரை அவர் என்றே எழுதுவது மரியாதை. அவர் அந்த ஆலையிலேயே பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார், ஹெட்விக் தக்காளித் தோல் உரிக்கும் வரிசையில். ஒவ்வொரு செப்டம்பர் நான்கிலும் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, திறந்த சதுரத்தின் அடியில் போய் நிற்பார்.

1952இல் பந்து ஆலைக் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. தையல் நூல் தெரிந்தது. அடுத்த வருடம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குத் தெரியாதவர்களும் சொன்னார்கள். அந்தக் குளிர்காலத்தில்தான் எமிலின் இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. அறுத்துவிடலாம், ஆனால் மருத்துவமனையில் இடம் இலையுதிர் காலத்துக்குத்தான் கிடைக்கும் என்றார் டாக்டர். வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. ஊர்க் கூட்டத்தில் ஆலை மேலாளர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், கண் தெரிந்த இளைஞன் ஒருவனை நிறுத்தலாமே என்று. பக்கவாதத்தில் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ப்ரூம், பந்து உயிரோடு இருக்கும்போது ஆள் மாற்றம் கிடையாது என்று சொல்லிவிட்டார். வலை கட்டலாமா என்று இன்னொருவர் கேட்டார். எமில் எழுந்து, "நான்தாங்க கூவினேன்" என்று மட்டும் சொன்னார். கூட்டம் அதோடு கலைந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஹெட்விக் வீட்டுக் கொல்லையில் ஏணிமேல் ஏறி ஆப்பிள் போட்டார், எமில் அடியில் நின்றார். முதலில் ஆப்பிள்கள் தோளிலும் நெற்றியிலும் விழுந்தன. கண்ணை நம்புகிற வரை இது ஆகாது என்று ஹெட்விக் அவர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டார். காது மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. கோடை வந்தபோது பாதி ஆப்பிள்கள் கையுறைக்குள் விழுந்தன, மீதியில் ஹெட்விக் கேக் செய்தார்.

ஆகஸ்ட் கடைசியில் க்ளெம் அக்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனையில் கிடக்கிறார் என்று செய்தி வந்தது. எமில் படகேறிப் போனார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, மார்ச் மாதமே போயிருக்க வேண்டியவர், எப்படி இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியவில்லை என்று கன்னியாஸ்திரீ ஒருவர் வாசலிலேயே சொன்னார். எமில் தடவிப் பார்த்துக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"என்னடா, இன்னும் போகலையா நீ?"

"எப்படிடா போறது? ஆட்டத்துல இருக்கேன்ல. பந்து மேல இருக்கிறப்போ அடிச்சவன் எழுந்து போகலாமா?" என்றார் க்ளெம். "முதுகெல்லாம் புண்ணு. சீக்கிரம் முடிடா."

கண் போய்விட்டது, ஒருவேளை தவறவிட்டால் உனக்குத்தான் கொடி என்றார் எமில். க்ளெம் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். சூளையில் வேலை செய்த பிடி, அப்போதும் இருந்தது.

"தவறினா தவறட்டும், அது ஆட்டம். ஆனா இவன் சாகப் போறானேன்னு பாவம் பார்த்து விட்டேன்னு வையி, ஆவியா வந்து உன் கையுறையைத் தின்னுடுவேன். நான் ஒழுங்கா அடிச்சேன். நீ ஒழுங்கா பிடி."

சரி என்று எமில் சொன்னார். கன்னியாஸ்திரீ கொடுத்த சூப்பை இருவரும் ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள்.

1953 செப்டம்பர் நான்கு வெள்ளிக்கிழமை. தக்காளி வந்து குவிகிற நேரம், ஆலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பந்து கூரைச் சதுரத்துக்குள் இறங்கியபோது எமில் கீழே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. தக்காளியைச் சுமந்து பட்டை ஓடுகிற சத்தம், டப்பாக்கள் உருளுகிற சத்தம், நீராவி. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். ஒரு மணி நேரம் நின்றால் இத்தனை தக்காளியும் வீண் என்று மேலாளர் கையைப் பிசைந்தார். உரிக்கும் வரிசையிலிருந்து ஹெட்விக் எழுந்து போய், கையிலிருந்த சாற்றை ஏப்ரனில் துடைத்துவிட்டு, பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்தார். பட்டை நின்றது. வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கத்தியைக் கீழே வைத்தார்கள். மேலாளர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அப்போது கேட்டது. தையல் காற்றைக் கிழிக்கும் மெல்லிய ரீங்காரம். அதுவரை இறகு மாதிரி இறங்கிய பந்து, கடைசி ஆளுயரத்தில், அடித்த அன்று இருந்த வேகத்தை மொத்தமாக நினைவுபடுத்திக்கொண்டது. எமில் பின்னால் நகர்ந்தார், ஒரு பெட்டியில் கால் இடறியது, விழவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கையுறையை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து, மற்றக் கையை அதன்மேல் மூடினார். தோலில் பந்து அறைந்த சத்தம் ஆலைச் சுவர்களில் போய்த் திரும்பியது.

ப்ரூமின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார். பந்து இன்னும் சூடாக இருந்தது, மட்டை பட்ட இடம் அழுந்தியிருந்தது. பக்கவாதம் தொடாத வலது கையை உயர்த்தி, "அவுட்" என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். மேலாளர் கைப்பிடியை மேலே தள்ளினார். தக்காளி ஓடத் தொடங்கியது.

எமில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, ஹெட்விக்கை எழுதச் சொன்னார். ஆலைச் சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதினார். க்ளெம், பந்து பிடிபட்டது. பாவம் பார்க்கவில்லை. நீ அவுட். நல்ல அடி. அவ்வளவுதான். ஹெட்விக் எழுதி முடித்துவிட்டுக் காகிதத்தை மடிக்காமல் வைத்திருந்தார்.

"நாளைக்கு அனுப்பினா என்னங்க? இன்னைக்கு ஒரு ராத்திரியாவது இருக்கட்டுமே அவரு."

"அவன் இன்னும் ஓடிக்கிட்டிருக்கான், ஹெட்விக்" என்றார் எமில். "நின்னுக்கலாம்னு யாராவது சொல்லணும்ல."

ஹெட்விக் காகிதத்தை நான்காக மடித்து உறையில் போட்டு, நாக்கால் ஈரப்படுத்தி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். படகுத்துறை வரை எமில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். படகுக்காரர் முகவரியைப் படித்துவிட்டு, உறையைத் தொப்பிக்குள் வைத்துத் தொப்பியை மாட்டிக்கொண்டு, கயிற்றை அவிழ்த்தார்.