பொருத்தம் பாராத இரண்டு மரபணுக்கள்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வைரவர்மேல் சத்தியம். அவருடைய நாய்மேலும் சத்தியம்.

கதை பிறந்தது கிளினிக் வாங்கில் குந்திக் காத்திருந்தபோது. பக்கத்தில் இருந்தவர் உடுவில் பஞ்சலிங்கம், கலியாணப் புரோக்கர். முதலில் இப்படித் தொடங்கினேன்: "மார்கழி மழையில் பஞ்சலிங்கத்தின் கழுத்தில் ஒரு கட்டி..." வேண்டாம். மழை பெய்தால் வாசகர் உடனே அழுதுவிடுவார்.

2

பஞ்சலிங்கம் உடுவிலில் "ஓம்" என்றால், அது வட்டுக்கோட்டையில் கேட்டு, பெண்வீட்டார் சம்மதம் என்று கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றிவிடுவார்கள். [காற்றுக்காலத்தில் புத்தூரிலும்.] அந்தக் குரலைத்தான் தைரொயிட் கட்டி நெரித்துக்கொண்டிருந்தது. அரிதான புற்றுநோய்; வலு வேகமானது. மருந்து ஏதும் பிடிக்குமா என்று பார்க்க, கட்டியில் ஒரு துண்டை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"எத்தினை பிள்ளையளைக் கனடாவுக்கு அனுப்பினனான், எல்லாற்றை விசாவும் இழுபட்டது. என்ரை சதை மட்டும் உடனை போயிட்டுது."

3

டொக்டரை முதலில் கடுகடுப்பானவராக எழுதினேன். பஞ்சலிங்கம் வாயே திறக்கவில்லை. அழித்துவிட்டு, கனிவான டொக்டர் நிவேதனாவைக் கூப்பிட்டேன். அறிக்கையோடு வந்தா.

"ஐயா, ரெண்டு மரபணு உடைஞ்சு, ஒண்டோடை ஒண்டு ஒட்டியிருக்கு."

"பொருத்தம் பாத்ததோ?"

"சேரவே கூடாத சோடி, ஐயா."

"உது எந்தப் புரோக்கற்றை வேலை?"

மகள் தனுசியா அவரைக் கிள்ளினாள். "அப்பா, சும்மா இருங்கோ!"

"அந்தச் சோடியாலைதான் கட்டி வளருது, ஐயா. ஆனால் அதை அடக்கக் குளிசை இருக்கு. சோடி இல்லாட்டி அந்தக் குளிசையாலை பிரயோசனமில்லை."

பொருந்தாத கலியாணம் ஒன்றுக்காகப் பஞ்சலிங்கம் சந்தோசப்பட்டது அன்றுதான்.

"நான் சேத்துத்தான் பழக்கம். நீங்கள் பிரிச்சு விடுங்கோ, பிள்ளை."

[பக்கக் குறிப்பு: கட்டியில் இன்னொரு அடையாளமும் கூடுதலாக இருந்ததாம். நோயோடு சண்டைபிடிக்க வந்த உடம்பின் காவல் கலங்களுக்குக் கட்டி அதைக் காட்ட, அவை "எங்கடை ஆக்கள்தான்" என்று படலையோடு திரும்பிவிடுகின்றன. "உவையின்ரை கண்ணைத் திறக்க மருந்தில்லையோ?" "அதுக்கு ஊசி இருக்கு, ஐயா."]

4

முடிவு ஒன்று: கட்டி சுருங்குகிறது. பஞ்சலிங்கம் டொக்டருக்கே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்க, அவ கிளினிக்கை மாற்றிக்கொண்டு ஓடுகிறா.

முடிவு இரண்டு: குளிசை கொஞ்சக் காலம் கேட்கிறது, பிறகு...

இதை நான் எழுதமாட்டேன். உங்களுக்குப் பிடித்ததை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் குரல் மட்டும் இருக்கட்டும்.

நாங்கள் இன்னும் வாங்கில்தான் இருக்கிறோம்; உண்மையான அறிக்கை இன்னும் வரவில்லை.