‘புதுசு’ என்ற சீட்டு

மாலை வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. தங்கை, தான் செய்த வாத்து கார்ட்டூனை அங்கே எல்லாருக்கும் ஓட்டிக் காட்ட வேண்டும். பழைய லேப்டாப்போ அதைத் திறந்தாலே திணறியது. அதனால் மெமரியைக் கூட்ட இன்னொரு ரேம் வாங்கிப் பொருத்தினாள். பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே நிற்க, மூன்று முறை ‘பீப்’ என்றது.

“நான் கை வச்சா எதுவும் விளங்காதுக்கா.”

“கை மேல பழி போடாதடி. நோட்டுல பதினாலு படி எழுதி வச்சிருக்கியே, எதை விட்ட?” என்றாள் அக்கா, தலையைத் துவட்டியபடி.

எதையும் விடவில்லை. பேட்டரியைக் கழற்றியிருந்தாள்; ஸ்க்ரூக்களை வரிசையாக வைத்திருந்தாள்; இரண்டு ரேமும் மாறிப் போகாதபடி ‘பழசு’, ‘புதுசு’ என்று சீட்டெழுதி டேப்பால் ஒட்டியிருந்தாள். சந்தேகம் தீராமல் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள்.

அக்கா குனிந்து பார்த்தாள். “இந்தத் தங்கப் பல்லு மேல ஏன்டி டேப்பு?”

புதிய ரேமின் ஓரத்தில், லேப்டாப்பைத் தொட வேண்டிய பொன்னிறக் கோடுகளில் பாதியை டேப் மூடியிருந்தது.

“ஐயோ, சீட்டு ஒட்டுறதுதான் என்னோட ஏழாவது படி!”

டேப்பை உரித்து, துடைத்து, ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தினாள். திரை பளிச்சென்று எழுந்தது. வாத்து ஒரு முறைகூடத் திக்காமல் ஓடிக் குளத்தில் குதித்தது.

உரித்த ‘புதுசு’ சீட்டை அக்கா அவள் நெற்றியில் ஒட்டினாள். இருவரும் சிரித்து ஓய்ந்தபோது வகுப்புக்கு இருபது நிமிடம் மிச்சமிருந்தது.