நடந்து போன சுவர்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களும் இப்போதே கொட்டிப்போகட்டும்.

நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடித்தாலும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டம். அந்த வீட்டுக்குத்தான் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒரு ஜோடி ஆப்பிரிக்க நத்தையைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் என் செருப்பு நீளம்.

"இதோட கோழையில முகத்துக்குப் போடுற க்ரீம் செய்யலாம் அத்தான். நாம எங்கயோ போயிடுவோம்."

"நீ மட்டும் போனாப் போதும்டா."

"என் தம்பி எது செஞ்சாலும் உங்களுக்கு ஆகாதே!" என்றாள் மனைவி.

நத்தைகள் முட்டையிட்டன. குஞ்சுகளும் வளர்ந்து முட்டையிட்டன. தோட்டத்துக் கீரை, பக்கத்து வீட்டுப் பப்பாளி, தெருமுனைச் சுவரொட்டி பசையோடு, எல்லாம் போயிற்று. பிறகு ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமென்று எங்கள் கூடத்துச் சுவரில் ஏறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் சுவரையே காணோம். அடுப்பில் பால் பொங்குவது கூடத்திலிருந்தே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. சொந்தக்காரர்!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மச்சான் அலட்டிக்கொள்ளாமல் நத்தைகளைச் செங்கல் மாதிரி அடுக்கினான். தின்ற சுண்ணாம்பில் ஓடெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. காலண்டரைக்கூட மாட்டிவிட்டான்.

சொந்தக்காரர் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தார்.

"சுவர் ஈரமா இருக்கே?"

"இப்பதான் துடைச்சேன் அண்ணே," என்றாள் மனைவி.

"நகருற மாதிரியும் இருக்கே?"

"பிரஷர் பாத்துக்கிட்டீங்களா?" என்றேன், அக்கறையாக.

அன்று எதிர்வீட்டில் வெள்ளையடித்திருந்தார்கள். வாசனை பிடித்த சுவர் அவரைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது. மனிதர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசி முடித்தபோது நடுத்தெருவில் இருந்தார்.

"யோவ், என் சுவர் எங்கய்யா?"

"உங்களுக்குப் பின்னாடிதான் நிக்குது."

திரும்பினார். சுவர் கொம்புகளை நீட்டி அவரைப் பார்த்தது.

"எவன்யா இதைக் கொண்டுவந்தவன்?"

"நான்தான் சார். கவலைப்படாதீங்க, நத்தையை மட்டுமே தின்னுற பிராணி ஒண்ணு இருக்கு. ஒரு ஜோடி பிடிச்சிட்டு வரேன்," என்று கிளம்பிய மச்சான் இன்னும் திரும்பவில்லை.

அவன் வந்து சுவரைக் கட்டித்தரும்வரை எங்களைக் காலி செய்யச் சொல்வதில்லை என்று சொந்தக்காரர் பெருந்தன்மையாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

அவருக்கு இன்னும் தெரியாதது ஒன்றுதான்: என் மனைவி அவள் பெற்றோருக்கு ஒரே பிள்ளை.