சக்கரத்தில் நின்ற பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் மினி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே ஜெயசித்ரா டீச்சர் வருகைப்பதிவை முடித்துவிடுவாள். அவளுடைய பள்ளிக்கூடம் வன்னியம்பட்டியைத் தாண்டி உள்ளே இருந்தது. அங்கே சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் நின்று டேப்லெட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு வரும், போகும். பேருந்து நிலையத்துப் பூக்கடைப் பக்கமோ எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நிற்கும். அதனால் அங்கேயே ‘எல்லாரும் வருகை’ என்ற பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவாள். பள்ளிக்குப் போன பிறகு யாராவது வரவில்லையென்றால் தொட்டியடிக்குப் போய் அந்தப் பெயரை மட்டும் மாற்றுவாள். பள்ளிக்கூடத்தை விட்டால் போக்கிடம் இல்லாத பிள்ளைகள். மாற்ற வேண்டிய நாட்கள் குறைவு.

பொத்தானை அமுக்கியதும் பெற்றோர்களின் போனுக்கெல்லாம் செய்தி போகும்: ‘உங்கள் குழந்தை பள்ளிக்கு வந்துவிட்டது.’

ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் அவளுக்கு சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ‘டேப் டீச்சர்’ என்று பெயர். எந்த செயலி வகுப்புக்கு உதவும், எது வெறும் வேடிக்கை என்று அவளைக் கேட்டுத்தான் மற்ற ஆசிரியர்கள் இறக்கிக்கொள்வார்கள். மூன்று செயலிகள் இல்லாமல் அவளுக்கு வகுப்பு ஓடாது. முதலாவது பெயர்ச் சக்கரம். அன்று வந்திருக்கும் பிள்ளைகளின் பெயர்களை வருகைப்பதிவிலிருந்து தானாகவே எடுத்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஒரு பெயரில் நிற்கும். பெயர் வந்த பிள்ளை எழுந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது, வாசிப்பைக் காதுகொடுத்துக் கேட்கும் செயலி. சரியாகச் சொன்ன வார்த்தை சுவரிலுள்ள பெரிய திரையில் பச்சையாகும், தப்பினால் சிவப்பாகும். மூன்றாவது பூனை. வகுப்பு அமைதியாக இருந்தால் திரையில் தூங்கும். சத்தம் கூடினால் முதலில் காதை ஆட்டும், பிறகு கண்ணைத் திறக்கும், அதற்கும் மேலே போனால் எழுந்து ஓடிவிடும். பூனை ஓடிவிட்டால் அன்று விளையாட்டுப் பீரியட் இல்லை. பிரம்பு செய்யாததைப் பூனை செய்தது.

அது ஐப்பசி. இரவெல்லாம் பெய்த மழை விடிந்தும் விடவில்லை. தலைமையாசிரியர் வேலுசாமி மீட்டிங்குக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருந்துவிட்டார். ஆசிரியர்கள் இருவர் மட்டுமே உள்ள பள்ளி. ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஈரக் குடைகளை ஓரங்கட்டி, சின்னதுகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டு, பெரியவர்களுக்காக அவள் சக்கரத்தைச் சுற்றினாள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அன்று தலையை எண்ணவில்லை.

சக்கரம் நின்றது. பாண்டீஸ்வரி.

“பாண்டீஸ்வரி, எந்திரிம்மா.”

யாரும் எழவில்லை.

“அவ வரல டீச்சர்” என்றது முன்வரிசை.

ஜெயசித்ரா மறுபடி சுற்றினாள். வண்ணங்கள் கலந்து ஓடின. வேகம் குறைந்தது. ஒரு பெயர், இன்னொரு பெயர், தயங்கி, தயங்கி, மறுபடியும் பாண்டீஸ்வரி.

“சக்கரத்துக்கு அவதான் வேணுமாம் டீச்சர்” என்றான் விக்னேஷ்வரன். வகுப்பே வாய்விட்டுச் சிரித்தது. திரையின் மூலையில் பூனை கண்ணைத் திறந்தது.

ஜெயசித்ராவும் சிரிக்கப் போனாள். சிரிப்பு பாதி வழியில் உறைந்தது. சக்கரம் வராத பிள்ளையின் பெயரை எடுக்காது. அது அவளே மற்ற ஆசிரியர்களுக்கு மெச்சிச் சொன்ன விஷயம். அப்படியென்றால் கணக்கில் பாண்டீஸ்வரி வந்திருக்கிறாள். பூக்கடைப் பக்கம் நின்று ஜெயசித்ராவின் விரல்தான் அவளை வரவழைத்தது.

காய்ச்சலாயிருக்கும், வீட்டிலிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கேட்டாள். “யாராவது அவளப் பாத்தீங்களா?”

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “பையோட எங்கூடத்தான் டீச்சர் வந்தா. கம்மாக்கரை வரைக்கும் வந்தா. நீ முன்னால போடின்னு சொன்னா. நான் வந்துட்டேன்.”

கண்மாய். காலையில் மினி பஸ்ஸிலிருந்து ஜெயசித்ரா அதைப் பார்த்திருந்தாள். கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. தண்ணீருக்கும் கரைமேல் போகும் பாதைக்கும் நடுவில் ஒரு சாண்தான் மிச்சம். அழகாயிருக்கிறதே என்று போட்டோகூட எடுத்தாள்.

சத்துணவு சமைக்கும் பெத்தம்மாளைக் கூப்பிட்டாள். “அக்கா, கம்மாக்கரையில போயிப் பாத்துட்டு வாங்க. பாண்டீஸ்வரியக் காணோம்.”

“பரிபூரணம் மகளா? திக்கித் திக்கிப் பேசுமே, அந்தப் புள்ளையா?” பெத்தம்மாள் கேட்டுக்கொண்டே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

ஜெயசித்ரா தொட்டியடிக்குப் போனாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பரிபூரணத்துக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அவள் நூல் மில்லில் வேலை. வேலையிடத்தில் போன் கூடாது. டீ நேரத்தில்தான் எடுத்துப் பார்ப்பாள். பார்த்தால் என்ன இருக்கும்? ‘உங்கள் குழந்தை பள்ளிக்கு வந்துவிட்டது.’ அந்தச் செய்தி இருக்கும்வரை இந்த உலகத்தில் ஒருவரும் பாண்டீஸ்வரியைத் தேடப்போவதில்லை.

வேலுசாமிக்கு அடித்தாள். பின்னால் மீட்டிங்கின் இரைச்சல் கேட்டது.

“பதறாதீங்க டீச்சர். மழைக்கு எவ வீட்டுலயாவது ஒதுங்கிருக்கும்.”

“சார், நான் வருகை போட்டுட்டேன். மாத்தவா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “அதத் தொட்டுறாதீங்க. எப்பப் போட்டோம், எப்ப மாத்துனோம்னு அம்புட்டும் மேல தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வராமலே வருகை போட்டுருக்கீங்கன்னு நாளைக்கே கேள்வி வரும். செத்த நேரம் பாருங்க. புள்ள வந்துரும்.”

செத்த நேரம். அவள் அந்தச் செத்த நேரத்தைப் பார்த்தாள். அது எவ்வளவு நீளமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மாற்றாமலிருந்தால், பிள்ளை வந்துவிட்டால், ஒன்றுமே நடக்கவில்லை. மாற்றாமலிருந்து பிள்ளை வராவிட்டால்? அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. தன் விரலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாயிருந்தது.

பெத்தம்மாள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். கணுக்கால்வரை சேறு.

“ஒண்ணும் தெரியல டீச்சர். தண்ணி ஒரே கலங்கலாக் கெடக்கு. உள்ள என்ன கெடக்குன்னு எப்படிச் சொல்ல?”

உள்ள என்ன கெடக்கு. ஜெயசித்ரா பொத்தானை அமுக்கினாள். பாண்டீஸ்வரி என்ற பெயர் சிவப்பானது. ஒற்றைக் கோடு வந்து, போய், மறுபடி வந்து, செய்தி கிளம்பியது. ‘உங்கள் குழந்தை இன்று பள்ளிக்கு வரவில்லை.’

“ஊருக்குள்ள போயி ஆம்பளையாள்களக் கூட்டிட்டு வாங்கக்கா” என்றாள். தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கூடத்துக்குத் திரும்பியபோது இரைச்சல் கூரையைத் தூக்கிக்கொண்டிருந்தது. விக்னேஷ்வரன் சக்கரம்போலச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தாங்கவில்லை. டேப்லெட்டைப் பின்பக்க ஜன்னல் திண்டில் சாய்த்துவைத்துப் பூனையைப் பெரிதாக்கினாள்.

“எல்லாரும் வாயில கை வைங்க. பூனை முழிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

டீச்சரின் முகத்தில் எதையோ கண்ட பிள்ளைகள் அப்படியே அடங்கினார்கள். மழையும் அந்த நேரத்தில் ஓய்ந்தது. திரை முழுக்கப் பூனை சுருண்டு தூங்கியது. அதன் வயிறு ஏறி இறங்கியது. அவ்வளவு பெரிய அமைதியை அந்தக் கூடம் அதுவரை கண்டதில்லை. ஜெயசித்ரா வாசலில் நின்று பாதையைப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை.

“டீச்சர்” என்று விக்னேஷ்வரன் கையை எடுக்காமலே முனகினான். “நாங்க யாரும் பேசல டீச்சர். ஆனா பூனை காது ஆடுது.”

திரும்பினாள். பூனையின் இடது காது ஒரு முறை விடைத்து அடங்கியது. பிள்ளைகள் வாயைப் பொத்தியபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. மறுபடி காது ஆடியது. சின்னதுகளில் ஒன்று விசும்பத் தொடங்கியது.

யாரும் எழுப்பாத சத்தத்தைப் பூனை கேட்டுக்கொண்டிருந்தது. ஜெயசித்ரா மெல்ல நடந்து டேப்லெட்டின் பக்கத்தில் காதை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஈரம், நெருஞ்சி, அதற்கப்பால் பழைய கட்டடம். இடிப்பார்கள் இடிப்பார்கள் என்று வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்த ஒற்றை அறை. கூரையில் கம்பிகள் எலும்புபோல் தெரியும். அந்தப் பக்கமே போகக் கூடாது என்று பிரேயரில் தினமும் சொல்வாள்.

டிங்.

எவர்சில்வர் தட்டுச் சத்தம். சத்துணவுக்குப் பிள்ளைகள் கொண்டுவரும் தட்டு. தட்டுகிறவளுக்கே யாரும் கேட்டுவிடக் கூடாதென்று பயம்போல, அத்தனை மெதுவாக.

“யாரும் எடத்த விட்டு அசையக் கூடாது” என்றவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பூட்டு எப்போதோ உடைந்த கதவு மழையில் ஊறி, உப்பி, நிலையில் இறுகிக் கிடந்தது. தோளால் இடித்தாள். உள்ளே ஏதோ உதிர்ந்து விழுந்தது. இடிப்பதா வேண்டாமா? ஒவ்வொரு இடிக்கும் கூரை பதில் சொன்னது. கடைசியில் உட்கார்ந்து, இரண்டு கால்களாலும் கதவின் அடிப்பக்கத்தை உதைத்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தாள்.

மூலையில் உடைந்த பெஞ்சுக்கு அடியில் பாண்டீஸ்வரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. பெஞ்சின்மேல் ஒரு பெரிய காரைப் பாளம் விழுந்து கிடந்தது. பலகை நடுவில் விரிசல் விட்டிருந்தது.

“வாடா தங்கம். மெதுவா வா. மேல பாக்காத. என்னப் பாரு.”

பிள்ளை தவழ்ந்து வந்தாள். ஜெயசித்ரா அவளை இழுத்து இடுப்பில் தூக்கிக்கொண்டு நெருஞ்சியில் மிதித்தபடி ஓடி, கூடத்து வாசலில் வந்து விழுந்தாள். பின்னால் எதுவும் இடிந்து விழவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“ஏன்டா அங்க போன? கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கூ... கூ...” பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்குக் கூப்பிட வாய் வரவில்லை. அதனால்தான் தட்டு. மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். “ச... சக்கரம் வரும். எ... எல்லாம் செ... செவப்பா ஆகும்.”

திரையில் சிவப்புச் சிவப்பாக நின்ற வரிகள் ஜெயசித்ராவுக்கு ஞாபகம் வந்தன. பிள்ளை ஒரே வார்த்தையின் வாசலில் முட்டிக்கொண்டு நின்றதும், செயலி பொறுமையாகச் சிவப்பு அடித்ததும், விக்னேஷ்வரன் சிரித்ததும். பழகப் பழகச் சரியாகும் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அம்மா தேட மாட்டாங்களா?”

பாண்டீஸ்வரி இல்லையென்று தலையாட்டினாள். “நா... நான் வராட்டியும், வ... வந்துட்டேன்னுதான டீச்சர் போன் சொல்லும்.”

அப்போது ஒரு ஆட்டோ வந்தது. அது நிற்பதற்குள் பரிபூரணம் குதித்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. பின்னாலேயே பெத்தம்மாள் ஊர் ஆட்களோடு வந்துகொண்டிருந்தாள். பரிபூரணம் யாரையும் பார்க்கவில்லை. மகளைப் பிடுங்கி எடுத்து, கை கால்களைத் தடவிப் பார்த்து, முதுகில் ஒன்று போட்டு, உடனே கட்டிக்கொண்டாள்.

“எங்கட்டி போன? எங்கட்டி போன?”

“பழைய கட்டடத்துல மாட்டிக்கிட்டா” என்றாள் ஜெயசித்ரா.

பரிபூரணம் நிமிர்ந்தாள். “காலையில வந்துட்டான்னு வந்துச்சு. பொறவு டீ நேரத்துல பாத்தா வரலன்னு வந்துருக்கு. எத டீச்சர் நம்ப?” “தெனமும் இவளுக்குத் தலை பின்னிக்கிட்டு இருக்கையிலயே மெசேஜ் வந்துரும். புள்ள எம் முன்னால உக்காந்திருப்பா. மிசினு முன்கூட்டியே தெரிஞ்சு சொல்லுது, எம் மக பள்ளிக்கூடம் எம்புட்டு முன்னேறிருச்சுன்னு மில்லுல சொல்லிச் சிரிப்பேன்.”

ஜெயசித்ராவுக்கு ஒரு நொடி வழி தெரிந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்து எல்லைக்குள்தானே இருந்தாள்? முதலில் வந்த செய்தி பொய்யில்லை என்று சொல்லிவிடலாம். மிசினில் கோளாறு என்றும் சொல்லலாம். வேலுசாமி அதைத்தான் சொல்லச் சொல்வார். இந்த அம்மாவும் நம்பிவிடுவாள், நாளைக்கும் நம்புவாள், பூக்கடைப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு செய்தியையும் நம்புவாள்.

“மிசின் சொல்லலக்கா” என்றாள். “நான்தான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு, புள்ளையப் பாக்காமலே தெனமும் நான்தான் சொன்னேன்.”

பரிபூரணம் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள். ஊர் ஆட்கள் திட்டுவார்கள் என்று நின்றாள். பரிபூரணம் முகத்திலிருந்த பஞ்சைப் புறங்கையால் துடைத்தாள்.

“கம்மாக்கரையத் தாண்டித்தான் டீச்சர் வந்தேன்” என்றாள். “ஆட்டோவ நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லி, தண்ணியப் பாத்துக்கிட்டே வந்தேன்.”

பிறகு மகளின் தலையைத் துவட்ட அவளைக் கூடத்துக்குள் கூட்டிப்போனாள். ஜெயசித்ரா பின்னாலேயே போய் ஜன்னல் திண்டிலிருந்த டேப்லெட்டை எடுத்தாள். ஈரவிரல் எங்கோ பட்டுப் பூனை மறைந்து, திரை நிறையப் பெயர்ச் சக்கரம் வந்து நின்றது.

அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாண்டீஸ்வரி தலையைச் சாய்த்து அதிலிருந்த பெயர்களை வட்டமாக வாசித்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஒரு சுற்று முடிந்ததும் சந்தேகத்தோடு இன்னொரு சுற்று. பிறகு அவள் முகம் விரிந்தது. அந்த வருஷத்தில் முதல் தடவையாக அவள் சிரிப்பதை ஜெயசித்ரா பார்த்தாள்.

“எம் பேரு இல்ல” என்றாள் பிள்ளை. எங்கும் முட்டாமல், எங்கும் திக்காமல், சுத்தமாக வந்தது அந்த வார்த்தை.

வரவில்லை என்று அந்தப் பெயரைச் சிவப்பாக்கிய விரலாலேயே ஜெயசித்ரா திரையை அணைத்தாள்.