மோட்டார் நிற்கும் மணி

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் வீட்டில் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் தானியோஸின் கைப்பேசி எட்டரை என்றது, என்னுடையது ஏழரை என்றது. எங்கள் நாட்டில் கோடை வெளிச்சத்துக்காக, வழக்கமாக மார்ச் கடைசி சனி இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டுத்தான் படுப்போம். இந்த வருடம் அரசாங்கம் கடைசி நேரத்தில் வந்து, நோன்பு மாதம் முடியட்டும், பிறகு மாற்றலாம் என்றது. திருச்சபையோ நாங்கள் இன்றைக்கே மாற்றுவோம் என்றது. தெருவுக்கொரு மணி, டிவிக்கொரு மணி. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்று காலை அந்தக் கூத்தாடி நான்தான். சுவர்க் கடிகாரத்தைத் தானியோஸ் தொடுவதற்கே நான் விடவில்லை.

"ஒழுங்கா ஒரு மணி நேரம் கரண்டு குடுக்காத அரசாங்கம் இன்னிக்கு ஒரு மணி நேரம் சும்மா குடுக்குது. அதையும் வேண்டாங்குறியா?" என்றேன்.

"பாதிரியார் கேட்டா என்ன சொல்லுவ?"

"அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிஞ்சேன்னு சொல்லுவேன்."

அவர் சிரித்தார். மார்பைப் பிடித்துக்கொள்ளாமல் சிரித்தார். குளிர்காலத்தில் இதயத்தைத் திறந்து தைத்ததற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. பால்கனியில் ஏலக்காய் போட்ட காப்பியோடு உட்கார்ந்திருந்தோம். கீழே ஒரு வண்டி இல்லை, ஹாரன் இல்லை. எதிர்வீட்டு மாடியில் துணிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அப்போதுதான் அவருக்குத் தைம் என்ற வாசனை இலை தூவிச் சுட்ட ரொட்டி சாப்பிட ஆசை வந்தது. அடுப்புக்கடை கீழே முனையில்தான் இருக்கிறது. நிதானமாகப் போய் வா, நமக்கு நிறைய நேரம் இருக்கிறது என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நாங்கள் ஐந்தாவது மாடி. அவர் படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்கக் கரண்டு வருவது பெயருக்குத்தான். தெருவுக்கே காசுக்குக் கரண்டு விடும் டீசல் மோட்டார்காரர் பர்பர், மோட்டாரை ஓட்டுகிற நேரத்தில்தான் லிஃப்ட் ஓடும். ஞாயிறு காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மதியம்தான் மறுபடி போடுவார். ஒன்பதை நெருங்கும்போது எங்கள் கட்டடத்தில் குழந்தைகூட லிஃப்டில் கால் வைக்காது. அப்படிப்பட்ட நாங்கள், இரண்டு மணியை வைத்துக்கொண்டு கேலி பேசிய நாங்கள், பர்பரின் மணி எது என்று யோசிக்கவே இல்லை.

லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறி வரும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஃப்ரிட்ஜ் அடங்கியது. லிஃப்டும் அடங்கியது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு. பர்பர் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். திருச்சபை மணிப்படி அவருக்கு இது ஒன்பது.

படியில் ஓடி இறங்கினேன். லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டி மேலே ஏறும்போதே நின்றுவிட்டது போலிருந்தது. நாலாவது மாடிக் கதவின் ஒடுங்கிய கண்ணாடியில் இருட்டு மட்டும் தெரிந்தது. எங்கள் லிஃப்ட் பழசு, உள்கதவு கிடையாது. வெளிக்கதவை இழுத்தேன், அசையவில்லை.

"பயப்படாத, ஹயாம்." தலைக்கு மேலிருந்து அவர் குரல் வந்தது. "ரொட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு." பிறகு மூச்சு வாங்கும் சத்தம். "மாத்திரை... நேத்துப் போட்ட சட்டையில."

நாக்கின் அடியில் வைக்கிற மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை என்று சலவைச் சட்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். மேலே ஓடி, நாற்காலியில் கிடந்த சட்டையிலிருந்து அதை எடுத்துவந்தேன். எடுத்துவந்து என்ன செய்ய? கதவு இடுக்கில் என் நகம்கூட நுழையவில்லை. பர்பருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். தூரத்தில் பூசை மணி அடிக்க ஆரம்பித்தது. ஆண்டவரே, உமக்கும் அவர் மணிதானா என்று அழுகை வந்தது.

கதவை நான் குத்திய குத்தில் மூன்றாவது மாடி ரிதா எழுந்து வந்தான். விடியுமுன் சாப்பிட்டு, நோன்பு வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன், வெறுங்காலோடு வந்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டான்.

"உம்மு நஜீப்," என் மகன் பேரைச் சேர்த்துத்தான் என்னைக் கூப்பிடுவான், "மொட்ட மாடியில சக்கரம் இருக்கு. கையால சுத்தி இறக்கிரலாம். நீங்க பேசிக்கிட்டே இருங்க, அவர விட்டுராதீங்க." என் பதிலுக்கு நிற்காமல் மேலே ஓடினான்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். திட்டினேன். ரொட்டி கேக்குதோ உனக்கு என்றேன். கனடாவில் இருக்கிற நஜீபுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றேன். பேச முடியாவிட்டால் தட்டு, தட்டினால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து டொக் என்று கேட்டது. ஷூவைக் கழற்றித் தட்டுகிறார், தோல் ஷூவின் சத்தம். எனக்கு உயிர் வந்தது. ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே, என்ன கேட்பது?

"தானியோஸ், என் மணி சரின்னா ஒரு தட்டு தட்டு. உன் மணி சரின்னா ரெண்டு தட்டு."

ஒரு தட்டுக் கேட்டது.

நான் இன்னொன்றுக்குக் காத்திருந்தேன். கேலி செய்கிறாரா? இந்த மனிதர் என்னிடம் எந்தக் காலத்தில் தோற்றிருக்கிறார்? "ரெண்டாவதையும் தட்டு. உன் மணிதான் சரி, ஒத்துக்கிறேன், தட்டு." பூசை மணி நின்றுவிட்டது. மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கையில் மாத்திரை வியர்வையில் ஊற ஆரம்பித்திருந்தது, கவுனில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன்.

மொட்டை மாடியில் இரும்பு கிறீச்சிட்டது. கம்பிகள் நடுங்கின. கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கைப்பேசி விளக்கை உள்ளே அடித்தேன். லிஃப்டின் தரை, கண்ணாடியின் மேல்விளிம்பில் கறுப்புக் கோடாக வந்தது. கோடு மெல்ல மெல்ல இறங்கியது. அதன்மேல் முதலில் எண்ணெய் ஊறிய ரொட்டிக் காகிதம் தெரிந்தது. தைம் வாசனை வந்தது. அடுத்து, குப்புறக் கிடந்த ஒற்றை ஷூ. அதற்குப் பக்கத்தில் காலுறையோடு அவர் பாதம், போன வாரம் பெருவிரலில் நான் தைத்துக் கொடுத்த ஒட்டு.

விளக்கை அந்த ஒட்டின்மேல் பிடித்துக்கொண்டு, அது அசைகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்தேன்.